கைப்பிடி: இல்லை

ஒரு மனித உடம்பு எவ்வளவு வெயிலைத் தாங்கும் என்பதைப் பன்னிரண்டே நிமிடத்தில் சொல்லிவிட முடிந்தால் என்ன ஆகும்? முடியும் என்று ஆன பிறகு நடந்த கதை இது.

முறை எளிமையானதுதான். நெஞ்சில் ஒரு பேட்சை ஒட்டி, ஏற்றமாகச் சாய்த்து வைத்த ட்ரெட்மில்லில் ஆளை நடக்கவிட வேண்டும். பேட்ச் மூன்றைக் கவனிக்கும். இதயம் எத்தனை முறை அடிக்கிறது, தோல் எவ்வளவு சூடாகிறது, வியர்வையோடு எவ்வளவு உப்பு வெளியேறுகிறது. மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் நூற்றுக்குள் ஓர் எண் வரும். அதற்குத் தாங்கெண் என்று பெயர். ஐம்பதும் அதற்கு மேலும் என்றால், உழைக்கும்போது உண்டாகும் சூட்டை அந்த உடம்பு வெளியே தள்ளிவிடும். ஐம்பதுக்குக் கீழே என்றால் அது விசில் அடைத்த குக்கர். வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது, திடீரென்று ஒரு நாள் தெரியும்.

நாற்பத்திரண்டு டிகிரியைத் தாண்டும் நாள்கள் வருடத்துக்கு எழுபதைத் தொட்டபோது அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அந்த நாள்களில் பத்து மணி முதல் நான்கு மணி வரை திறந்தவெளியில் வேலை செய்யத் தாங்கெண் ஐம்பது வேண்டும். இருந்தால் பச்சைச் சீட்டு. இல்லாவிட்டால் சிவப்புச் சீட்டு. வீட்டில் இருக்கலாம், அரசு நிழற்படி என்று தினமும் ஒரு தொகை கொடுக்கும். அந்த எண்ணைக் கண்டுபிடித்தவள் பேராசிரியர் அங்கயற்கண்ணி. நிழற்படி என்ற பிரிவைச் சட்டத்தில் போராடிச் சேர்த்தவளும் அவள்தான்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களைப் பார்த்தபடி நிற்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு உடற்பயிற்சி அறிவியல் துறையை அவள் பதினோரு வருடமாக நடத்திவந்தாள். தொடக்கத்தில் பன்னிரண்டு இடம். அதிலும் நான்கு காலி. "படிச்சா பி.டி. வாத்தியார் வேலை கிடைக்குமா மேடம்?" என்று கேட்டபடி பெற்றோர் வருவார்கள். சட்டம் வந்த பிறகு அறுபது இடங்கள், கடற்கரை நெடுகப் பதினான்கு பரிசோதனை மையங்கள், எல்லாவற்றிலும் அவளுடைய மாணவர்கள்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் முதல் வகுப்பை அவளே எடுப்பாள். துறைத் தலைவரான பிறகு அவள் விடாமல் எடுக்கும் ஒரே வகுப்பு அது. ஒரு மாணவனை ட்ரெட்மில்லில் ஏற்றுவாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொல்வாள். பிறகு விட்டுவிட்டு நடக்கச் சொல்வாள். அதே வேகம், அதே ஏற்றம். இதயத் துடிப்பு மட்டும் சட்டென்று முப்பது ஏறும். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள்.

"தராசில நின்னுக்கிட்டுப் பக்கத்துச் சுவர்ல கைய ஊன்றினா எடை குறையும் இல்லையா? அதேதான். பிடிச்சுக்கிட்டா பாதி உடம்பைக் கை தூக்குது. கால் சும்மா வருது. இதயத்துக்கு வேலை இல்ல. ஆனா மெஷினுக்குக் கை தெரியாது. துடிப்பு குறைவா இருக்கு, அதனால இவருக்கு இரும்பு இதயம்னு முடிவு பண்ணிரும். கைப்பிடியைப் பிடிக்கிறவர் நடக்கல. தொங்குறார்."

இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று அடுத்தவருக்குப் புரியவைப்பதைவிடப் பெரிய இன்பம் அவளுக்கு இல்லை.

சட்டம் வந்த ஐந்தாம் வருடம், பங்குனிக் கடைசியில், ஒரே வாரத்தில் நான்கு பெண்கள் உப்பளத்தில் விழுந்து இறந்தார்கள். நான்கு பேரும் பச்சை.

துணைவேந்தர் போனில் வந்தார். "மேடம், நம்பர் தப்பில்லன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. சாப்பிடாம வந்திருப்பாங்க, தண்ணி குடிச்சிருக்க மாட்டாங்க. உங்களுக்குத் தெரியாததா? அறுபது சீட்டு, பதினாலு மையம், எல்லாம் அந்த ஒத்த நம்பர் மேலதான் நிக்குது."

அங்கயற்கண்ணிக்கும் அப்படித்தான் தோன்றியது. அவளுடைய கணக்கு சரியான கணக்கு. ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தபோது, ஆய்வகப் பொறுப்பாளர் சுடலைமுத்து கதவைத் தட்டினான். பழைய நீளம் தாண்டுதல் வீரன். அவளுடைய முதல் அணி மாணவன். பதினான்கு மையங்களின் பரிசோதகர்களுக்கும் அவன்தான் பயிற்சி கொடுத்தவன்.

"மேடம், செத்துப்போன லில்லிபுஷ்பத்தோட தங்கச்சி வந்திருக்காங்க. சண்டைக்கு வந்த மாதிரி தெரியல. மெஷினப் பாக்கணுமாம்."

வந்தவள் பெயர் ஜெபமணி. முப்பத்தெட்டு வயது இருக்கும். உப்புநீரில் ஊறி ஊறிக் குதிகால் பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெள்ளைப் பாத்திகளின் கூச்சத்தில் பழகிய கண்கள், அறைக்குள்ளும் இடுங்கியே இருந்தன.

"இதுலதான் எங்கக்கா நடந்தாளா மேடம்?"

"ஆமாம்மா. எல்லா மையத்திலும் இதே மெஷின்தான்."

"அவளுக்கு அறுபத்தொண்ணு குடுத்திய. அது நூத்துக்கா?"

"நூத்துக்குத்தான்."

"பள்ளிக்கூடத்துல ஒரு பாடத்துலயும் அவ அறுபத்தொண்ணு வாங்குனதில்ல" என்றாள் ஜெபமணி. சிரித்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

அங்கயற்கண்ணிக்கு விளக்க வேண்டும் போல் இருந்தது. துக்கத்துக்கு அவளிடம் வேறு மருந்து இல்லை. புரிந்தால் கொஞ்சம் ஆறும் என்பது அவள் நம்பிக்கை. "ஏறிப் பாக்குறீங்களா? அக்காவுக்கு எப்படி எண் வந்துச்சுன்னு காட்டுறேன்." ஜெபமணி உடனே செருப்பைக் கழற்றினாள். சுடலைமுத்து பேட்சை ஒட்டினான். பட்டை மெதுவாக நகரத் தொடங்கியது.

"பிடிச்சுக்கோங்கக்கா" என்றான் அவன், வீட்டுக்கு வந்தவரை உட்காரச் சொல்வது போல இயல்பாக.

நடை ஏறியது. இடதுகாலைச் சற்று வெளிப்புறமாக வீசி நடப்பது ஜெபமணியின் வழக்கம். அங்கயற்கண்ணி திரையைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். இது துடிப்பு, இது தோலின் சூடு, இது உப்பு. ஆறாவது நிமிடம் துடிப்பு நூற்றுப் பன்னிரண்டு. இந்த வயதுக்கு, இந்த ஏற்றத்துக்கு, நூற்று நாற்பதாவது இருக்க வேண்டும். என்ன ஒரு இதயம் என்று முதலில் ஆச்சரியம்தான் வந்தது. பிறகு அவள் பார்வை திரையிலிருந்து இறங்கியது. கைப்பிடியில் அழுந்தியிருந்த உள்ளங்கைகளின் ஓரங்கள் சுண்ணாம்பாக வெளுத்திருந்தன.

"சுடலை" என்றாள். "எவ்வளவு நேரம் பிடிக்கச் சொல்ற?"

"முழுசும்தான் மேடம்."

"யார் சொன்னா?"

"நீங்கதான சொன்னிய. சோதனை ஆரம்பிச்ச முதல் மாசம் மெஷின்ல நடந்த அந்தோணியம்மா சேலை தடுக்கி விழுந்து பல்லு போச்சுல்லா. நீங்கதான ஓடி வந்து தூக்குனிய. அன்னைக்குச் சொன்னிய."

"முதல் ரெண்டு நிமிஷம், பழகுற வரைக்கும்னுதானப்பா சொன்னேன்."

சுடலைமுத்து யோசித்தான். "அப்படியா சொன்னிய? யாரும் விழக் கூடாதுன்னு சொன்னதுதான் எனக்கு நெஞ்சுல நிக்குது."

"படிவத்துல கேள்வி இருக்கே? கைப்பிடி பிடித்தாரான்னு?"

"அதுல தானா 'இல்லை'ன்னு விழுந்திருக்கும் மேடம். 'ஆம்'னு மாத்துனா முதல்லேருந்து நடக்கவிடச் சொல்லும். வெளிய நாப்பது பொம்பளைங்க அன்னைக்கு வேலையை விட்டுட்டு வந்து நிப்பாங்க. யாரு மாத்துவா?"

படிவத்தை வடிவமைத்தவளும் அவள்தான். தவறான பரிசோதனை எதுவும் உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்று, 'ஆம்' என்றால் திருப்பி அனுப்பும்படி அமைத்திருந்தாள். அவ்வளவு கவனம்.

"முதல் வகுப்புல உங்க எல்லாருக்கும் காட்டினேனே சுடலை. தொங்குறதுன்னு."

"அது பரீட்சைக்கு மேடம்" என்றான் அவன், வருத்தத்தோடு.

மெஷின் நின்றது. அறுபத்துமூன்று. பச்சைச் சீட்டு நாக்கை நீட்டுவது போல வெளியே வந்தது.

அங்கயற்கண்ணி ஜெபமணிக்கு மோர் வாங்கி வரச் சொன்னாள். துடிப்பு அடங்கும்வரை, ஒரு மணி நேரம், எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு, "இன்னொரு தடவை நடக்கணும்மா. இந்தத் தடவை கைய எடுத்துட்டு" என்றாள்.

ஜெபமணியின் முகம் மாறியது. "எடுக்கணுமா?"

"எடுக்கணும். விழாம நான் பாத்துக்கிறேன்."

பன்னிரண்டு நிமிடமும் அங்கயற்கண்ணி அவள் முதுகுக்குப் பின்னால், தொடாமல், இரண்டு கைகளையும் விரித்தபடி நின்றாள். நாற்பத்தொன்று. சிவப்பு.

ஜெபமணி மூச்சு வாங்க இரண்டு சீட்டுகளையும் பார்த்தாள். "எங்கக்காவுக்கும் இதுதான் இருந்திருக்குமோ?"

"இதுக்கும் கீழ இருந்திருக்கலாம்."



"அந்த ரெண்டாவது சீட்டைக் கிழிச்சிருங்க மேடம்" என்றாள் ஜெபமணி. "முதல் சீட்டைக் குடுங்க."

"என்னம்மா சொல்றீங்க?"

"நான் மெஷினப் பாக்க வரல. நம்பருக்குத்தான் வந்தேன். இதுவரைக்கும் விடியக்காலை வேலைதான், சீட்டு தேவைப்படல. திங்கக்கிழமை அக்கா பாத்தியில நான் இறங்கணும். அவ பிள்ளைய ரெண்டும் இப்ப எங்கிட்டதான் இருக்கு." அவள் சுடலைமுத்துவைப் பார்த்தாள். "பிடிச்சா கூடும்னு எங்களுக்குத் தெரியாதாக்கும்? எங்கக்காதான் தெருவுக்கே சொல்லிக்குடுத்தா. அளத்து இரும்பு கேட்டோட கம்பியில நிப்பாட்டிப் பழக்கிவிடுவா. விரலால பிடிக்காதிய, உள்ளங்கைய அழுத்தி ஒடம்ப அதுமேல சாச்சிருங்கன்னு. எத்தனை பேரு அவளால பச்சை வாங்குனாங்க தெரியுமா?"

அங்கயற்கண்ணி ட்ரெட்மில்லின் கைப்பிடியைப் பார்த்தாள். தன் முதல் வகுப்பை வேறொருத்தி உப்பள கேட்டின் கம்பியில் நடத்தியிருக்கிறாள், தன்னைவிடத் தெளிவாக.

"அவங்க செத்துப்போயிட்டாங்க, ஜெபமணி."

"தெரியும் மேடம். நாந்தான் குளிப்பாட்டுனேன்." குரல் ஏறவே இல்லை. "அஞ்சு வருசம் வேலை பாத்தால்லா. நீங்க அன்னைக்கே நாப்பது குடுத்திருந்தா அன்னைக்கே வீட்டுல உக்காந்திருப்பா."

"வீட்டுல உக்காந்தா நிழற்படி உண்டு. அதுக்குத்தான் அந்தப் பிரிவையே..."

"யாருக்கு வந்திருக்கு? எங்க தெருவுல ஒரு ஆளைக் காட்டுங்க."

யாருக்கும் வந்திருக்கவில்லை. ஏன் என்று அங்கயற்கண்ணிக்கு அந்த நிமிடம்தான் புரிந்தது; ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்பது புரியும்போது வரும் அதே பளிச். எல்லாரும் கைப்பிடியைப் பிடித்தார்கள். அதனால் எல்லாரும் பச்சை. சிவப்பே இல்லாத கடற்கரையில் சிவப்புக்கு அலுவலகம் எதற்கு என்று அரசாங்கம் திறக்கவே இல்லை. அலுவலகம் இல்லாததால் எல்லாரும் கைப்பிடியைப் பிடித்தார்கள்.

அப்படியென்றால் எண் உண்மையாக வேண்டும். உண்மையானால் சிவப்பு வரும். சிவப்பு வந்தால் நிழற்படி வந்தே ஆக வேண்டும். ஒரு பல்சக்கரத்தைச் சரியாகத் திருப்பினால் அடுத்தது திரும்பித்தானே ஆக வேண்டும்? அவள் இதையெல்லாம் ஜெபமணிக்குப் பொறுமையாக விளக்கினாள். ஜெபமணி கடைசிவரை கேட்டாள். பிறகு, "நீங்க நல்லவங்கதான் மேடம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். அங்கயற்கண்ணி பச்சைச் சீட்டை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டாள். ஜெபமணி வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டுப் போனாள்.

இரண்டு பக்க அறிக்கைக்குப் பதில் ஒன்பது பக்கக் கடிதம் போனது. தவறு என்னுடையது என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தாள். துறையை இழுத்துப் பூட்டுவார்கள் என்று தயாராகத்தான் இருந்தாள். நடந்தது வேறு. பிழையைத் தானே ஒப்புக்கொண்ட நேர்மைக்குப் பாராட்டு வந்தது. பதினான்கு மையங்களிலும் கைப்பிடிகளைக் கட்டர் வைத்து அறுத்து எடுத்தார்கள். எல்லாருக்கும் மறுபரிசோதனை செய்ய ஆள் போதாது என்று துறைக்கு இருபது இடங்கள் கூட்டினார்கள்.

"தப்பு பண்ணதுக்கு இருபது சீட்டு மேடம்" என்றான் சுடலைமுத்து. "இன்னொரு தப்பு பண்ணா நூறு ஆயிரும்."



மழைக்காலத்தில், அளங்கள் மூடிக் கிடந்தபோது, மறுபரிசோதனை முடிந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு பெண்களில் ஐந்நூற்று முப்பத்தேழு பேருக்குச் சிவப்பு. நிழற்படிக்கு ஓர் அலுவலகமும் திறந்தார்கள். அங்கே, மூன்று வருடம் உப்பளத்தில் வேலை செய்ததாக அள முதலாளியிடம் சான்று கேட்டார்கள். சிவப்பு உடம்பை வெயிலில் நிறுத்தினேன் என்று எந்த முதலாளி எழுதிக் கொடுப்பான்? விண்ணப்பங்கள் பரிசீலனையில் இருந்தன. அங்கயற்கண்ணி வாரம் ஒரு கடிதம் எழுதினாள். அவையும் பரிசீலனையில் இருந்தன.

அடுத்த பங்குனி போய்ச் சித்திரையும் பாதி ஆனது. உப்பளங்களில் வெப்பச் சாவு: ஒன்றும் இல்லை. சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அரசு வாரியம் அதைப் பெரிதாகக் கொண்டாட நினைத்தது. அதற்கு முன் சட்டப்படி ஒரு சடங்கு பாக்கி. துறைத் தலைவர் நேரில் களத்தைப் பார்த்து, டேப்லட்டில் கையெழுத்திட வேண்டும்.

உச்சிவெயிலில் பல்கலைக்கழக ஜீப்பைச் சுடலைமுத்து ஓட்டினான். நாற்பத்துமூன்று டிகிரி. இரு பக்கமும் பாத்திகள் கண்ணாடித் துண்டுகளாகக் கண்ணைக் குத்தின. தூரத்தில், உப்புக் குவியல்களுக்கு நடுவே, பலகை போட்டு உப்பு வாரும் உருவங்கள் தெரிந்தன. பச்சைக்காரர்கள் என்று நினைத்தாள். பழக்கத்தில் எண்ணத் தொடங்கினாள். இருபது, முப்பது, நாற்பத்து நான்கு. கடற்கரை முழுவதற்குமே பச்சை எழுபத்தைந்துதான். அதில் பாதிக்கு மேல் இந்த ஒரே அளத்தில் எப்படி?

"சுடலை, இவங்கல்லாம் யாரு?"

அவன் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "யாரும் இல்ல மேடம். வருகைப் பதிவுல பேரே கிடையாது."

"அப்போ இந்த வருஷம் ஒருத்தரும் சாகலைன்னு..."

"அளத்துல ஒருத்தரும் சாகல. போன வாரம் மூணு பேரு. வீட்டுல தூக்கத்துலயே போயிட்டாங்கன்னு எழுதியிருக்கு. இப்பல்லாம் எல்லாரும் வீட்டுலதான் மேடம் போறாங்க."

அப்போதுதான் யாரோ ஜீப்பைப் பார்த்துவிட்டார்கள். ஒரு சீழ்க்கை கேட்டது. பலகைகளை அப்படியப்படியே போட்டுவிட்டுப் பெண்கள் ஓடத் தொடங்கினார்கள்.

பிடிபட்டால் முதலாளிக்கு அபராதம். பிடிபட்டவளுக்கு நிழற்படி விண்ணப்பம் ரத்து. வரப்பிலும் உப்புநீரிலுமாக, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எல்லாரும் முந்நூறு மீட்டருக்கு அப்பால் இருந்த உடை முள்மரக் கூட்டத்தை நோக்கி ஓடினார்கள். அங்கயற்கண்ணியால் கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. ஓடும் உடம்பு, நடக்கும் உடம்பைப் போல இரண்டு மூன்று மடங்கு சூட்டை உண்டாக்கும். இந்த வெயிலில், இந்த ஈரக்காற்றில், வியர்வை ஆவியாகாது. நாற்பதை ஒட்டிய உடம்பு என்றால் நான்கு நிமிடம். ஐந்தாவது நிமிடத்தில் சூடு மூளைக்கு ஏறும்.

மஞ்சள் சேலை ஒன்று கடைசியாக ஓடிக்கொண்டிருந்தது. இடதுகாலை வெளிப்புறமாக வீசும் ஓட்டம். எதையும் பிடிக்காமல், கைகள் இரண்டும் காற்றில்.

"வண்டியத் திருப்பு."

"மேடம், ஆய்வு இன்னும்..."

"திருப்பு சுடலை! நாம நிக்கிற வரைக்கும் அவங்க ஓடுவாங்க."

ஜீப் புழுதியைக் கிளப்பித் திரும்பியது. அவள் பின்கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். உருவங்கள் தயங்கின, வேகம் குறைத்தன, அங்கங்கே நின்றன. மஞ்சள் சேலை பக்கத்திலிருந்த உப்புக் குவியலில் இரண்டு உள்ளங்கைகளையும் அழுத்தி, உடம்பு முழுவதையும் அதன்மேல் சாய்த்து நின்றது. விழவில்லை. ஒன்று, இரண்டு என்று அங்கயற்கண்ணி எண்ணினாள். வளைவு வந்து மறைக்கும்வரை விழவில்லை.

மடியில் டேப்லட் விழித்துக்கொண்டது. 'ஆய்வின்போது தகுதியற்ற பணியாளர் எவரேனும் களத்தில் இருந்தனரா?' பதிலுக்கான கட்டத்தில், அவளுடைய துறை வடிவமைத்த எல்லாப் படிவங்களிலும் போல, 'இல்லை' என்று ஏற்கெனவே விழுந்திருந்தது. 'ஆம்' என்று மாற்றினால் அடுத்த பக்கம் பெயர்களைக் கேட்கும். அது எப்படி வேலை செய்யும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஜூன்ல முதல் வகுப்பு இருக்கு மேடம்" என்றான் சுடலைமுத்து, ஏதாவது பேச வேண்டுமே என்று. "கைப்பிடி ஒண்ணு எங்கயாவது மிச்சம் இருக்கான்னு பாக்கணும். இல்லன்னா எதை வச்சுக் காட்டுவிய?"

அவள் கட்டத்தைத் தொடாமல் விரலைக் கீழே கொண்டுபோய், கோட்டின்மேல் கையெழுத்திட்டாள்.